பானைக்குள் ரெண்டு உருண்டை

எங்கள் வீட்டில் சண்டை போடுவதற்கென்று ஒரு நேரம் உண்டு. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு, அடுப்பில் கம்பங்களி கொதிக்கிற நேரம். மற்ற நேரத்தில் அவருக்குக் கடை, எனக்குத் தையல் மிஷின், வாயைத் திறக்க எங்கே நேரம்? களி கிளற மட்டும் ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் துணியைச் சுற்றிச் சட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் துடுப்பைப் போட்டுக் கிளற வேண்டும். கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகவும் முடியாது, போனால் அடிப்பிடித்துவிடும். புருஷனையும் பெண்டாட்டியையும் நகரவிடாமல் எதிரெதிரே நிறுத்தி வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பஞ்சாயத்து அத்தனையும் அந்தச் சட்டிக்கு மேலேதான் நடந்திருக்கிறது.

காலைச் சாப்பாடு எங்களுக்குக் கூழ்தான். திண்டுக்கல் டவுனுக்குள் குடியிருந்துகொண்டு, தெருமுனையிலேயே இட்லிக் கடை இருக்கும்போது இன்னுமா கூழ் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தோட்டக்காரர்கள் எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், கருகிய கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தூக்கி இறக்குகிற வேலை. இட்லி தின்றுவிட்டுப் போனால் கடைக் கதவைத் திறப்பதற்குள் பசிக்கிறது என்பார். கூழ் என்றால் மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

மில்லில் உடைத்து வாங்கிவந்த கம்பை மாவு வேறு, நொய் வேறாகப் புடைத்து வைத்துக்கொள்வேன். காலையிலேயே மாவைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் புளித்து வாசம் வந்துவிடும். நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கிளறி, களி கெட்டியானதும் இறக்கி ஆறவைப்போம். ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு, கையை நனைத்துக்கொண்டு களியை உருட்டி, பானைத் தண்ணீருக்குள் போட்டு மூடிவிட வேண்டும். அவருக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை. காலையில் உருண்டையைக் கரைத்து மோர் விட்டால் கூழ். உருண்டை ஊறிய தண்ணீருக்கு நீத்தண்ணி என்று பெயர். இவ்வளவுதான் விஷயம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அட போங்க, இதில் சண்டை போடாத இடம் எது என்று கேளுங்கள்.

அவருக்குப் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டி. எனக்கு எரியோடு. ஒரே மாவட்டம்தான், ஆனால் கூழ் என்று வந்துவிட்டால் இது வேறு நாடு, அது வேறு நாடு. அவர்கள் ஊரில் களி கிளறும்போதே உப்பைப் போட்டுவிடுவார்களாம். எங்கள் ஊரில் காலையில் கரைக்கும்போதுதான் உப்பு. அவர் சின்ன வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரியச் சொல்வார். நான் உரித்து அப்படியே கடித்துக்கொள்வேன். பானையைத் தட்டால் மூட வேண்டும் என்பார் அவர், துணி கட்ட வேண்டும் என்பேன் நான்.

"ஏனுங்க அம்மணி, உப்புப் போட்டாச்சுங்களா?" என்று துடுப்பைச் சுழற்றிக்கொண்டே கேட்பார். கிண்டல் வரும்போது மட்டும் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கும்.

"காலைல போட்டா உங்க நாக்கு ஒத்துக்காதாக்கும்?"

"ராத்திரியே போட்டாத்தான உள்ள எறங்கும். நீ காலைல போடுறது மேலாக்கத்தான் நிக்குது."

"இத்தன வருசமாக் குடிக்கிறீங்க. ஒரு நாளாச்சும் சொம்புல மிச்சம் வச்சிருக்கீங்களா?"

அதற்கு, சட்டியைச் சரியாகப் பிடி, ஆடுது என்பார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ஒரு நாள் வீடியோ காலில் வந்து, "இங்க நாங்க ஓட்ஸ ராத்திரியே பால்ல ஊற வச்சு ஃப்ரிட்ஜுல வச்சுருவோம்மா. காலைல சில்லுனு எடுத்துச் சாப்டுவோம்" என்றாள். நல்லது, சாப்பிடு தாயே என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் இவர் பின்னாலிருந்து, "பாத்தியா, ஃப்ரிட்ஜுல வைக்குறாங்க. நாஞ் சொன்னா மட்டும் கேக்க மாட்ட" என்றார். பானையை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் புளிப்பு எங்கிருந்து ஏறும்? அன்றைக்குத் தொடங்கிய ஃப்ரிட்ஜ் சண்டை அந்த வாரம் முழுக்க ஓடியது. பெற்ற பிள்ளை போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டது.

இத்தனை சண்டைக்கு நடுவில் ரெண்டு சட்டங்கள் மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டன. ஒன்று அவர் கொண்டுவந்தது. கல்யாணமான புதிதில் கிருத்திகை விரதம் என்று சொன்ன மனிதர், விடிந்ததும் பானையைத் திறந்து ஒரு சொம்பு நீத்தண்ணி குடித்தார். "விரதம்னீங்க?" என்றேன். "நீத்தண்ணி சாப்பாட்டுக் கணக்குல வராது" என்றார். அவர்கள் வீட்டில் முருகனுக்கு விரதமிருக்கிற அத்தனை பேரும் அப்படித்தானாம். அதில் பாதி உருண்டை கரைந்து கிடக்கிறதே என்று நான் வாதாடிப் பார்த்தேன். அவர் பிடித்த பிடியிலேயே நின்றார். கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன், நானும் விரதம் இருக்க வேண்டியிருந்ததே! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நீத்தண்ணி என்பது சாப்பாடு அல்ல.

இன்னொன்று நான் கொண்டுவந்த சட்டம். ராத்திரியில் பானை வெறுமையாக இருக்கக் கூடாது. எங்கள் அம்மா வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்த காலத்திலும் ஒரு கை சோறாவது தண்ணீரில் கிடக்கும். வெறும் பானையை வைத்துக்கொண்டு படுத்தால் வீட்டுக்கு ஆகாது. இதற்கு அவர் சிரிப்பார், ஆனால் மறுத்ததில்லை. கல்யாணம், சாவு என்று வெளியூர் போகிற நாளில்கூட, கதவைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைப் பானைக்குள் போட்டாயா என்று அவரே கேட்பார்.

போன வருடம் ஒரு சாயங்காலம், கிளறிக்கொண்டிருந்தவர் துடுப்பை விட்டுவிட்டு அடிவயிற்றைப் பிடித்தார். "என்னங்க?" என்றேன். ஒன்றுமில்லை, வாய்வு என்றார். மறுநாளும் அதே வாய்வு. வாய்வு என்ன சாயங்காலம் மணி பார்த்தா வரும்? வேட்டியைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். கையால் அழுத்தினால் உள்ளே போகிறது, இருமினால் வெளியே வருகிறது. பல மாதங்களாக இருந்திருக்கிறது, இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே டாக்டர் குடலிறக்கம் என்றார். "மாத்திரைக்கெல்லாம் கேக்காது. ஆபரேசன்தான். பயப்படாதீங்க, முதுகுல ஒரு ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும், அவ்வளவுதான். ஆனா தள்ளிப்போடாதீங்க. வெளிய வர்ற குடல் என்னைக்காச்சும் உள்ள போகாமச் சிக்கிக்கும். சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து." அதுவரைக்கும் எதையும் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, களி கிளறவே கூடாது என்றார். களியைப் பற்றிக் கேட்டது நான்தான்.

வெளியே வந்ததும் அவர், "பாக்கலாம், வெயில் காலம் போகட்டும். இப்பத்தான் மோட்டாரெல்லாம் எரிஞ்சு வரும்" என்றார். வெயில் போனது. மழை வரட்டும் என்றார். மழையும் வந்தது. தீபாவளி கழியட்டும் என்றார். கரண்ட் போகிற கம்பியைச் சர்வசாதாரணமாகத் தொடுகிற ஆள் அவர். ஷாக் அடித்தால் 'ச்சை' என்று கையை உதறிவிட்டு மறுபடியும் அதே கம்பியைப் பிடிப்பார். பயமா என்று கேட்டால், "எனக்கென்ன பயம்?" என்று மீசையைத் தடவுவார். ஆனால் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவைக்கூட விட்டுவிட்டுச் சுற்றிப் போவார்.

அதற்குப் பிறகு துடுப்பு என் கைக்கு வந்தது. அடேங்கப்பா, அது என்ன லேசுப்பட்ட வேலையா! தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். அவர் சட்டியைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போடுவார். "அந்தப் பக்கம் விட்டுட்ட பாரு. கட்டி விழுகுது. அடியில இருந்து எடு." ஒரு நாள் துடுப்பை அப்படியே களியில் நட்டுவிட்டு, "இந்தாங்க, நீங்களே கிண்டுங்க. குடல் வெளிய வந்தா அதையும் சேத்துக் கிண்டுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே திக்கென்றது. அவர் மறுநாள் காலையில் கட்டிக் கட்டியாக இருந்த கூழை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு ஒரு ரவிக்கைகூட ஒழுங்காகத் தைக்க வரவில்லை.

ஒருவழியாக, மகள் போனில் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித் தேதி வாங்க வைத்தாள். முதல் நாள் ராத்திரி லேசாகச் சாப்பிடலாம், விடிந்த பிறகு வாயில் ஒன்றும் படக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூட ஆகாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். அதை நான் வீட்டில் வேறு பாடம் நடத்தினேன்.

ஆபரேசனுக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் அடுப்படிக்கு வந்து, "இன்னிக்கிக் களி வேண்டாமே. எனக்கு நாளைக்கு ஆகாது, நீயும் என்கூடத்தான வாரே" என்றார்.

"பான வெறுமையா இருக்கலாமா? அதுவும் இன்னிக்கி?"

"சரி, உனக்கு மட்டும் ஒரு உருண்டை போடு. என்ற உருண்டை வேண்டாம்."

"சரி" என்றேன்.

களி கிளறி இறக்கியதும் அவர் டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார். அது ஆறியதும் நான் கையை நனைத்து என் உருண்டையைப் போட்டேன். தண்ணீருக்குள் அது மட்டும் தனியாகக் கிடந்தது. மூடுவதற்குத் துணியை எடுத்தேன், கை வரவில்லை. அவர் இல்லாத வீட்டில் ஒருத்திக்கு மட்டும் கூழ் வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று மனசு எங்கேயோ ஓடியது. சீ, என்ன புத்தி இது, நல்ல காரியத்துக்குப் போகும்போது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டி என்ன பயன்? சட்டியில் ஒட்டியிருந்த மிச்சக் களியையும் வழித்து உருட்டி உள்ளே போட்டேன். ரெண்டும் கிடந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விடிந்ததும் நான் குளித்துக் கிளம்பினேன். அவரும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலில் உட்காரவைத்து, அந்தப் பச்சைத் துணியை மாட்டிவிட்டார்கள். ஒரு நர்ஸம்மா வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேட்டது.

"காலைல ஏதாச்சும் சாப்டீங்களா?"

"இல்லீங்க."

"தண்ணி?"

"தண்ணி தொடலீங்க. நீத்தண்ணி மட்டும் ஒரு சொம்பு."

அந்தப் பொண்ணு கையில் பட்டை சுற்றுவதை அப்படியே நிறுத்தியது. "நீத்தண்ணின்னா? கூழ்த் தண்ணியா?"

"ஆமாங்க. ஒரு உருண்டையக் கரைச்சு."

"ஒரு உருண்டையக் கரைச்சா அதுக்குப் பேரு கூழு, அப்பா!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் வெளியாள் முன்னால் வீட்டு ஆளை விட்டுக்கொடுக்க முடியுமா? மயக்க டாக்டர் வந்து, "என்னம்மா, சொல்லித்தான அனுப்புனோம்?" என்று கேட்டதும், நான் முந்திக்கொண்டு, "சார், எங்க வீட்ல அது சாப்பாட்டுக் கணக்குல வராதுங்க. கிருத்திக வெரதத்துக்கே அதத்தான் குடிப்பாரு" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "முருகன் ஒத்துக்குவாரும்மா. மயக்க ஊசி ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, வேறு தேதி கொடுக்கச் சொல்லிப் போய்விட்டார். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றில் தையலோடு சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து பானையைத் திறந்தேன். ஒரே ஒரு உருண்டை மிச்சமிருந்தது. அதைக் கரைத்துக் குடித்தேன். இந்த ரெண்டாவது உருண்டையைப் போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஆபரேசன் முடிந்து வெளியே வந்திருப்பார்.

தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரிடமும், "எனக்குன்னு ஒரே ஒரு உருண்ட போட்டு வச்சிருந்தேன்க்கா. அதையும் குடிச்சிட்டு வந்து நிக்கிறாரு மனுசன்" என்று சொன்னேன். மகள் போன் போட்டு அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். "அம்மா சாப்பாட்டப் போயி யாராச்சும் எடுத்துக் குடிப்பாங்களாப்பா?" என்று கத்தினாள். போனை அவர் ஸ்பீக்கரில்தான் வைத்திருந்தார். நான் மிஷினில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துபோயிக் குடிச்சுப்போட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னார். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட 'கூழ் மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டார்.

புதுத் தேதி வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், கடையில் அவரோடு வேலை பார்க்கிறவர் போன் பண்ணினார். "அக்கா, அண்ணனக் கூட்டிட்டு வாரேன். செத்த கதவத் தொறந்து வைங்க." யாரோ ஒரு தோட்டக்காரர் அவசரம் என்று நின்றிருக்கிறார். இவர் மோட்டாரில் கை வைத்துத் தூக்கிவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது முகத்தில் ரத்தமே இல்லை, சட்டை முழுக்க வேர்வை. படுக்கவைத்துப் பார்த்தேன். வீக்கம் கல்லுமாதிரி நின்றது. அழுத்தினால் உள்ளே போகவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து அசையாமல் படுக்கச் சொல்லுங்கள், கொஞ்ச நேரத்தில் உள்ளே போகவில்லையென்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் வாயாடி. என்னிடம் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. அன்றைக்கு அந்த வாய் சாமியை மட்டும்தான் கூப்பிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன், எதை நேர்ந்துகொண்டேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. எவ்வளவு நேரம் போனதோ, அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கை வைத்துப் பார்த்தேன், வீக்கம் இளகி உள்ளே போயிருந்தது. வாசலில் நின்ற ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புதுத் தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை. இட்லிக் கடையில் வாங்கிவந்ததைச் சாப்பிட்டோம். அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது பானையை எடுத்துக் கழுவினேன். ஒரு பிடி அரிசியாவது போடலாமா என்று கை போனது. அரிசியை ஊறவைத்தால் அது நீத்தண்ணி ஆகாமல் வேறு என்ன ஆகும்? அம்மா, மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிவிட்டுப் பானையைத் திண்டின் மேல் கவிழ்த்து வைத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பானையின் அடிப்பாகத்தை ராத்திரி நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அதே ஆஸ்பத்திரி, அதே பச்சைத் துணி, அதே நர்ஸம்மா. "என்னப்பா, இன்னிக்கி என்ன கரைச்சீங்க?" என்று கேட்டது. "எச்சியக்கூட முழுங்கலீங்க" என்றார். அது சிரித்துக்கொண்டே அடையாளத்துக்குக் கையில் பட்டை கட்டிவிட்டு, கூப்பிடுவோம், இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் தன் கையிலிருந்த பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் மறந்துபோயிக் குடிக்கல அம்மணி" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்சேதான் குடிச்சேன்."

வந்த கோபத்துக்கு அந்தக் கட்டிலோடு சேர்த்துக் கவிழ்த்திருப்பேன். எத்தனை நாள் என்னை நானே தின்றுகொண்டிருந்தேன்! வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நீ குளிக்கப் போனப்ப அடுப்படிக்குப் போனேன். சும்மா பாக்கலாம்னுதான் துணிய அவுத்தேன். ரெண்டு கெடந்துச்சு."

பட்டையைத் திருகிக்கொண்டே மேலும் சொன்னார்.

"ஒண்ணு போடறேன்னு சொன்னவ ரெண்டு போட்டு வச்சிருக்கா. அப்ப இவ எவ்ளோ பயந்துபோயிருக்கான்னு தெரிஞ்சுது. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. மரத்துப்போன ஒடம்பு மறுபடி வருமோ வராதோன்னு. ரெண்டு பேருமே பயந்துக்கிட்டு எப்படிப் போறது? ஒருத்தராச்சும் தைரியமா இருக்கோணுமல்லோ. இன்னொரு நாளைக்கிப் பாத்துக்கலாம்னு குடிச்சுப்போட்டேன்."

பயமாக இருந்தது என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். தெருவெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தபோதும், பெற்ற மகள் கத்தியபோதும், அது ரெண்டாவது உருண்டை, உங்கம்மா எனக்காகப் போட்டது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

"இன்னிக்கி மட்டும் எப்படித் தைரியம் வந்துச்சாம்?" என்றேன்.

"காலைலயும் போய்ப் பாத்தேன். பானையக் கவுத்தி வச்சிருந்த. சரி, இவ துணிஞ்சுட்டா, இனி போலாம்னு வந்துட்டேன்."

துணிச்சலா? முந்தின நாள் ராத்திரி முழுக்க நான் கண்ணை மூடவில்லை. காலையில் சேலை மடிப்பு வைக்க முடியாமல் கை உதறியது. அதையெல்லாம் அவரிடம் சொல்வதா? ஒருவராவது தைரியமாக இருக்க வேண்டும் என்று நம்பி வந்து உட்கார்ந்திருக்கிற மனிதர். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஆமா, துணிஞ்சுட்டேன். பேசாமப் போயிட்டு வாங்க" என்றேன்.

நர்ஸம்மா வந்தது. தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். கதவு மூடியதும் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டே போனுக்கு மேல் போன் போட்டாள். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சிருச்சும்மா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும்" என்றார். நான் கும்பிட்டேன்.

வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தார்கள். கண் விழித்துத்தான் இருந்தார், ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. "காலு ரெண்டையும் காணம் புள்ள" என்றார். பயந்த குரல்.

"இங்கதான் இருக்கு. ஊசி மருந்து எறங்குனா வந்துரும்."

"நெசமா இருக்கா?"

போர்வையை விலக்கிப் பார்த்தேன். ரெண்டு பாதமும் சில்லென்று கிடந்தன. ஆள் நடமாட்டம் இருக்கிற வார்டு. நாங்கள் கோயில் கூட்டத்தில்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இல்லை. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாதம் ரெண்டையும் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் அசந்து தூங்கினார். டீக்காரர் வந்தார், போனார். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த பொம்பளை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. என் கை நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துப் பெருவிரல் லேசாக அசைந்தது. பிறகு அடுத்த விரல். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"காலப் பிடிச்சுக்கிட்டு இருக்கது யாரு? நீயா?"

"ஆமா" என்று கையை எடுக்கப் போனேன்.

"விடாத" என்றார்.